ஏவல் தமிழும் பாடத் தமிழும்

(ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை என்பது துணி துவைக்கவும், சந்தைக்குப் போகவும், வாரம் முழுக்கத் தூங்காத தூக்கத்தைத் தூங்கவும் கிடைக்கிற ஒரே நாள். அதில் ஒரு மணி நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் தொடங்குகிறேன்.

இந்த வட்டாரத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் எப்படிப் படிக்கிறார்கள், ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள், நாம் என்ன செய்யலாம் என்று பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த வழியில், ஒரு சொல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன். ‘கூட்டு’ என்ற சொல்.

பத்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும், மூன்றாம் வகுப்பு. தீபாவளி முடிந்து சில நாட்களில் ஒரு பெண்பிள்ளை வந்து சேர்ந்தாள். ஊர் பீகாரில் தர்பங்கா பக்கம். அப்பா பனியன் கம்பெனியில் பேக்கிங், அம்மா அதே கம்பெனியில் துப்புரவு வேலை. கரும்பலகையில் இரண்டு எண்களை எழுதிவிட்டு அவளைப் பார்த்து, “கூட்டு கண்ணு” என்றேன். எழுந்தாள். வகுப்பறை மூலையில் சாத்தி வைத்திருந்த சீமாற்றை எடுத்தாள். குனிந்து தரையைக் கூட்டத் தொடங்கினாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்பு எனக்கு ஆறவில்லை. அவள் எந்தத் தவறும் செய்யவில்லை. நான் சொன்ன சொல்லுக்குத் தனக்குத் தெரிந்த ஒரே பொருளை, ஒரு நொடி தயங்காமல் செய்துகாட்டினாள். அம்மாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோன நாட்களில் சூப்பர்வைசர் வாயிலிருந்து அவள் கேட்ட சொல் அது.

அன்று இரவு, அந்தப் பிள்ளைக்கு என்னென்ன தமிழ்ச் சொற்கள் தெரியும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். வா, போ, எடு, வை, கொடு, நில்லு, தள்ளு, அள்ளு, கூட்டு. இலக்கணம் படித்தவர்களுக்கு இதன் பெயர் தெரியும்: ஏவல். முன்னால் நிற்பவரை ஒரு வேலை செய்யச் சொல்லும் வினை. நம் ஊருக்கு வந்த ஓரிரு மாதங்களில் நாம் அந்தக் குழந்தைக்குக் கொடுத்திருந்த தமிழ் முழுவதும் ஏவல்தான். யாரும் அவளிடம் ‘ஏன்’ என்று கேட்டிருக்கவில்லை. ‘உனக்கு எது பிடிக்கும்’ என்று கேட்டிருக்கவில்லை. கதை சொல்லியிருக்கவில்லை. கூலி வேலைக்கு வந்தவர்களிடம் ஊர் பேசுகிற மொழி அதுதான். அதையே அவர்களின் பிள்ளைகளும் பொறுக்கிக்கொள்கிறார்கள். இதை நான் ஏவல் தமிழ் என்று சொல்கிறேன். புத்தகத்துக்குள் இருப்பது வேறொன்று. அதைப் பாடத் தமிழ் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் இந்தப் பிள்ளைகளை நாம் இழந்துகொண்டிருக்கிறோம்.

கணக்குப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு செயல்களுக்கும் நம்மிடம் எவ்வளவு அழகான சொற்கள்! கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். ஆனால் வெளியிலிருந்து வருகிற ஒரு குழந்தையின் காதோடு கேட்டுப் பாருங்கள். கொங்குப் பக்கத்தில் வாசலைக் ‘கூட்டு’வோம். சென்னைப் பக்கத்தில் வீட்டைப் ‘பெருக்கு’வார்கள். நான்கில் இரண்டு, சீமாறு பிடிக்கிற வேலையின் சொற்கள். துப்புரவுத் தொழிலாளியின் மகளுக்கு அந்தப் பொருள்தான் முதலில் தெரியும். வேறு எப்படித் தெரியும்?

மறுநாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒன்றும் பேசாமல், 47, அதன் கீழே 38, இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அடியில் கோடு போட்டுக் கொடுத்தேன். ஐந்தை எழுதினாள், ஒன்றை மேலே கொண்டுபோனாள், 85 என்று முடித்தாள். வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது: சைந்தாலீஸ், அட்தீஸ், பச்சாசி. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்போது அந்த ‘மேலே கொண்டுபோவது’ வரவில்லை. கணக்கு அவளுக்குத் தெரிந்திருந்தது. கணக்கைக் கேட்ட மொழிதான் தெரியாமல் இருந்தது. நாம் எழுதிவைத்த குறிப்பிலோ ‘கற்றலில் பின்தங்கியவர்’ என்று இருந்தது.

முதல் வேலையாக நான் சொல்வது இதைத்தான். புதிதாக வந்த பிள்ளையிடம், அது என்ன தெரியாமல் வந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், என்ன தெரிந்து வந்திருக்கிறது என்று பாருங்கள். எண் எல்லா ஊரிலும் ஒன்றுதான். சொல் இல்லாமல் வெறும் எண்ணைக் கொடுங்கள். அவர்கள் ஊர்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியவேண்டியதில்லை. திக்கித் திக்கி வாசிக்கிறதா, ஆற்றோட்டமாக வாசிக்கிறதா என்பது காதுக்கே தெரிந்துவிடும். ஒரு மொழியில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, எழுத்தும் ஒலியும் எப்படிச் சேர்கின்றன என்ற இரகசியம் ஏற்கெனவே தெரியும். அதற்குத் தமிழ் எழுத்து மட்டும் போதும். எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தேவை வேறு. இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ‘அ, ஆ’ எழுதச் சொல்வது இருவருக்குமே அநியாயம்.

இன்னொன்று. இந்தப் பிள்ளைகளை நாம் ‘இந்திக்காரப் பிள்ளைகள்’ என்கிறோம். நான் சொன்ன பெண்ணின் வீட்டு மொழி மைதிலி. அது 2003இல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சேர்க்கப்பட்ட தனி மொழி. இந்தியே அவள் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டதுதான். சிலருக்கு வீட்டில் போஜ்புரி, சிலருக்கு மகஹி. ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்களில் சிலர் சந்தாலி பேசுகிறார்கள். அந்த மொழிக்கென்று 1925இல் இரகுநாத் முர்மு உருவாக்கிய ‘ஒல் சிக்கி’ என்ற எழுத்தே இருக்கிறது. திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு ஒடியாப் பாடநூல் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் அவர்கள் வீட்டில் பேசுவது சம்பல்புரி. பாடநூல் ஒடியாவும் அவர்களுக்குக் கொஞ்சம் அந்நியம்தான். ‘வடக்கன்’ என்று ஒரே சொல்லில் எல்லோரையும் கட்டிவிடுகிறோமே, அந்தச் சொல்லை வகுப்பறைக்குள் பிள்ளைகள் சொன்னால் நான் விடுவதில்லை. ஆசிரியர் அறையில் ஆசிரியர்கள் சொன்னாலும் விடுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அந்தப் பெயரை அவர்கள் வீட்டில் எப்படி உச்சரிக்கிறார்களோ அப்படிக் கூப்பிடப் பழகுங்கள்.

எழுத்துக்கு வருகிறேன். இந்தி எழுத்தில் பழகிய பிள்ளைக்கு ‘க’ என்ற ஓரிடத்தில் நான்கு எழுத்துகள், நான்கு ஒலிகள். நமக்கு ஒன்றுதான். ‘கடல்’ என்பதிலும் ‘தங்கம்’ என்பதிலும் ‘பகல்’ என்பதிலும் க வெவ்வேறாக ஒலிக்கிறது. நமக்கு அது காதில் விழுவதேயில்லை. அந்தப் பிள்ளைக்கு விழுகிறது. “டீச்சர், இது எந்தக் க?” என்று கேட்ட பையன் ஒருவன் என்னிடம் இருந்தான். அசட்டுக் கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். நம் மொழியில் நாம் கவனிக்காத ஒன்றை அவன் கவனித்திருக்கிறான். மெல்லினத்துக்குப் பின்னால் எப்படி, இரட்டித்தால் எப்படி, இரண்டு உயிருக்கு நடுவில் எப்படி என்று இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தால் போதும், பிடித்துக்கொள்வார்கள். பதிலுக்கு நாம் எளிதாகக் கொடுக்கக்கூடியதும் ஒன்று இருக்கிறது. இந்தியில் நூறு வரைக்கும் எண்ணுப்பெயர்களை ஏறக்குறைய ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யவேண்டும். தமிழில் ‘நாற்பத்தேழு’ என்றால் நாற்பதும் ஏழும் அப்படியே தெரிகின்றன. இதை எடுத்துக் காட்டிய அன்று அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். தமிழ் தன்னை ஏவாமல், தனக்கு எதையோ கொடுத்த முதல் நாள் அதுவாக இருந்திருக்கலாம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சேர்க்கை மேசையில் இன்னமும் பலர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சேர்க்கையை மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது என்கிறது அதன் 5ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவேண்டும், மற்றவர்களோடு சமமாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறுவது அந்தக் குழந்தையின் உரிமை என்கிறது 4ஆம் பிரிவு. ‘டிசி கொண்டு வாங்க, ஆதார் கொண்டு வாங்க, இஎம்ஐஎஸ் கணினிப் பதிவில் ஏறவில்லை’ என்று தாயை மூன்று நாள் அலையவிட்டால் அவருக்கு மூன்று நாள் கூலி போகிறது. நான்காம் நாள் வரமாட்டார். பிள்ளையை முதலில் உட்காரவையுங்கள். காகிதம் பிறகு வரட்டும்.

சேர்த்தாயிற்று. பிறகு? இங்கேதான் நான் உங்களிடம் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

கனடாவில் டொரோண்டோவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர், வேறு நாடுகளிலிருந்து குடியேறிய பிள்ளைகளைப் பற்றி 1979 முதலே எழுதிவருகிறார். அவர் சொன்னது எளிமையானது, ஆனால் ஆசிரியர்களாகிய நம் அனுபவத்தை அப்படியே திருப்பிப் போடுவது. புதிய ஊரின் பேச்சு ஒரு குழந்தைக்கு ஏறக்குறைய 2 ஆண்டுகளில் வந்துவிடுகிறது. ஆனால் அந்த மொழியில் பாடம் படிப்பதில் உள்ளூர்ப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகின்றன. அங்கே குடியேறியவர்களின் பிள்ளைகளைச் சோதித்தவர்கள், ‘இவன் ஆங்கிலம் நன்றாகத்தானே பேசுகிறான், அப்படியென்றால் குறை மொழியில் இல்லை, புத்தியில்தான்’ என்று முடிவுகட்டியிருந்ததை அவர் எடுத்துக் காட்டினார். பின்னால் ஈழத்திலிருந்து போய் அதே டொரோண்டோவில் பிள்ளை வளர்த்த நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. வீட்டுக்கு வந்தவர்களிடம் மடமடவென்று ஆங்கிலம் பேசுகிற பிள்ளை, சமூக அறிவியல் கட்டுரையில் மட்டும் ஏன் தடுமாறுகிறது என்று புரியாமல் தவித்தவர்கள் அவர்கள்.

ஏன் இப்படி? நேருக்கு நேர் பேசும்போது மொழி தனியாக வேலை செய்வதில்லை. கை காட்டுகிறோம், முகம் சொல்கிறது, பொருள் எதிரில் இருக்கிறது. புத்தகத்தில் இவை ஒன்றும் கிடையாது. சொல் மட்டும் தனியாக நிற்கிறது. தமிழில் இந்தத் தூரம் இன்னும் அதிகம். நாம் பேசுகிற தமிழை எழுதுவதில்லை. எழுதுகிற தமிழைப் பேசுவதில்லை. ‘தண்ணி காஞ்சு போச்சு’ என்று தெருவில் கற்றுக்கொண்ட பிள்ளை, ‘நீர் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பம் உறிஞ்சப்படுகிறது’ என்ற வரிக்கு முன்னால் நிற்கிறது. முதல் வரிக்கும் இரண்டாவதுக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை.

பெரிய கலைச்சொற்களை நான் பெரிதாகச் சொல்லவில்லை. ஒளிச்சேர்க்கை என்ற சொல் எல்லாப் பிள்ளைக்கும் புதிது. ஆசிரியர் அதை விளக்கித்தான் ஆகவேண்டும், விளக்குகிறார். பிள்ளைகள் விழுவது சின்னச் சொற்களில். யாரும் விளக்காத சொற்களில். ‘எனில்’. ‘தலா’. ‘வீதம்’. ‘மீதம்’. ‘ஆகையால்’. ‘தவிர’. ‘ஒரு பெட்டியில் தலா 12 பென்சில்கள் கொண்ட 8 கட்டுகள் உள்ளன எனில்’ என்று ஆரம்பிக்கிற கணக்கைப் பாருங்கள். 12ஐ 8ஆல் பெருக்க அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ‘தலா’ என்றால் என்ன, ‘எனில்’ என்றால் என்ன என்பது தெரியாது. எந்தத் தெருவில் அந்தச் சொற்கள் புழங்குகின்றன? எந்த டீக்கடையில் ‘நீ வருவாய் எனில் நான் வருவேன்’ என்று பேசிக்கொள்கிறோம்?

நான்காம் வகுப்பு முடிவதற்குள் அந்தப் பெண் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் போலவே பேசினாள். ‘ஏனுங்க டீச்சர்’ என்பாள். கும்மியடிப்பாள். அவள் குடியிருந்த லைன் வீட்டுக்காரர்களுக்கெல்லாம் அவள்தான் மொழிபெயர்ப்பாளர். ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெரியவர்கள் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். எனக்கு அவ்வளவு பெருமை. பள்ளிக்கு வந்த அதிகாரிகளிடம் அவளைக் கூப்பிட்டுப் பேசவைத்தேன். காலையில் அவளுக்கென்று ஒதுக்கியிருந்த அரைமணி நேரத்தை நிறுத்திவிட்டு, புதிதாக வந்த வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பேச்சுதான் வந்துவிட்டதே.

அதுதான் நான் செய்த தவறு. ஐந்தாம் வகுப்பில் லேசாகத் தெரிந்தது. அடுத்து அவள் சேர்ந்த பள்ளியில் ஆறாம் வகுப்பில் முழுதாகத் தெரிந்தது. அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனிப் புத்தகமாக, பக்கம் பக்கமாகப் பாடத் தமிழ். அந்தப் பள்ளிக்காரர்களுக்கு அவள் வேறு மொழி வீட்டுப் பிள்ளை என்பதே தெரியவில்லை. அவ்வளவு நன்றாகப் பேசினாள். படிப்பில் அக்கறை இல்லாத பிள்ளை என்று நினைத்தார்கள். ஏழாம் வகுப்பில் சட் பூஜைப் பண்டிகைக்கு ஊருக்குப் போய் ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பியபோது வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. மறுபடி சேர்க்க யாரும் தேடிப் போகவில்லை. அவளும் கேட்கவில்லை. வீட்டில் கைக்குழந்தையாகத் தம்பி இருந்தான். அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது.

2025இல் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்தபோது, சென்னைப் புறநகர் அரசுப் பள்ளி ஒன்றில் படித்த, பீகாரிலிருந்து வந்த தொழிலாளியின் மகள் தமிழில் 93 மதிப்பெண் வாங்கியதைப் பத்திரிகைகள் எல்லாம் போட்டன. நீங்களும் படித்திருப்பீர்கள். நானும் மகிழ்ந்தேன், அந்தப் பிள்ளையும் அவளுடைய ஆசிரியர்களும் கொண்டாடப்படவேண்டியவர்கள்தான். ஆனால் செய்தியைப் படித்துவிட்டு, அவளோடு முதல் வகுப்பில் சேர்ந்த மற்றப் பிள்ளைகள் எந்த வகுப்போடு நின்றார்கள் என்றுதான் எனக்கு யோசனை போயிற்று.

சரி, என்ன செய்யலாம்? பக்கத்தில் கேரளத்தில் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். எர்ணாகுளம் மாவட்டத்தில் பினானிபுரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் தொடங்கி, 2017இல் ‘ரோஷ்ணி’ என்ற பெயரில் மாவட்டத்தின் பல பள்ளிகளுக்கு விரிந்த திட்டம். காலையில் பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே பிள்ளைகள் வந்தார்கள், காலை உணவு சாப்பிட்டார்கள், அவர்களுடைய மொழி தெரிந்த ஒரு தன்னார்வலர் அந்த மொழியில் ஆரம்பித்து மலையாளத்துக்கு அழைத்துப் போனார். ஒரு மொழியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு இன்னொன்றுக்குள் வரச் சொல்லவில்லை. இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு நடக்கவைத்தார்கள்.

நம்மிடம் அந்த நேரம் ஏற்கெனவே இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் நடக்கிறது. பிள்ளைகள் எப்படியும் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபின் மணி அடிக்கும் வரை கிடைக்கிற நேரம் சும்மா போகிறது. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்கு ஊரிலிருந்தே தன்னார்வலர்களைக் கண்டுபிடித்தோம் அல்லவா? லைன் வீடுகளில் பிளஸ் டூ முடித்த, பட்டம்கூடப் படித்த பீகார்ப் பெண்களும் ஒடிசாப் பெண்களும் கல்யாணமாகி வந்து சமையலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு சிறு ஊதியம் கொடுத்து அவர்களில் ஒருவரைப் பள்ளிக்குள் கொண்டுவந்தால், பிள்ளைக்கு மொழி மட்டும் கிடைக்காது. தன் அம்மாவைப் போலப் புடவை கட்டிய ஒருவர் பள்ளியில் சீமாறு இல்லாமல், சாக்பீஸோடு நிற்பதைப் பார்க்கக் கிடைக்கும்.

நம் அரசும் ‘தமிழ் மொழி கற்போம்’ என்று இந்தப் பிள்ளைகளுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. வரவேற்கிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான்: பிள்ளை பேச ஆரம்பித்ததும் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடாதீர்கள். குறைந்தது ஐந்து ஆண்டு அந்தப் பெயர் அங்கே இருக்கட்டும். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழோடு ஒரு பக்கக் குறிப்பு போகட்டும்: இந்தப் பிள்ளையின் வீட்டு மொழி இது, தமிழ்நாட்டுக்கு வந்து இத்தனை ஆண்டு, பேச்சு நன்றாக வரும், பாடத் தமிழில் இன்னும் துணை வேண்டும். இந்த ஒரு பக்கம் அன்றைக்கு என் கையிலிருந்து போயிருந்தால் அவள் கதை வேறாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

பாடத் தமிழைச் சொல்லிக் கொடுப்பது தமிழாசிரியரின் வேலை மட்டும் அல்ல. கணக்கு ஆசிரியர் ‘எனில்’ சொல்லிக் கொடுக்கவேண்டும். அறிவியல் ஆசிரியர் ‘உறிஞ்சப்படுகிறது’ என்ற வினையைப் பிரித்துக் காட்டவேண்டும்: யார் உறிஞ்சினார்கள், ஏன் அவர் பெயர் வரியில் இல்லை என்று. பாடம் ஆரம்பிக்கும் முன் ஆறு சொல். விளக்கி, வாயால் சொல்லவைத்து, அந்தப் பிள்ளையின் மொழியில் அதற்கு என்ன என்று கேட்டு, சுவரில் ஒட்டுங்கள். எங்கள் வகுப்பில் அப்படி ஒரு சுவர் இருக்கிறது. கூட்டல் என்பதற்குப் பக்கத்தில் ‘ஜோட்’ என்றும் ‘மிசாண’ என்றும் இந்தியும் ஒடியாவும் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. அந்தச் சுவர் யாருக்கு அதிகம் பயன்பட்டது தெரியுமா? நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு. அப்பா அம்மா கையெழுத்துக்கு மேல் படிக்காத வீட்டுத் தமிழ்ப் பிள்ளைக்கும் ‘எனில்’ அந்நியச் சொல்தான். வீட்டில் வாக்ரிபோலி பேசுகிற நரிக்குறவர் பிள்ளைக்கும் அந்நியச் சொல்தான். புத்தகம் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அது தானாக வந்துவிடுகிறது. அதைத்தான் நாம் கெட்டிக்காரத்தனம் என்று மெச்சிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பீர்கள். நானும் ஈராசிரியர் பள்ளியில் இருந்தவள். நேரம் இல்லைதான். ஆறு சொல்லுக்கு எட்டு நிமிடம் ஆகும். அந்த எட்டு நிமிடத்தைக் கொடுக்காதபோது, புரியாத பிள்ளைகளுக்கு அதே பாடத்தை மறுபடி நடத்த எனக்கு நாற்பது நிமிடம் ஆகியிருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், ஆசிரியர் எண்ணிக்கையைக் கூட்டாமல் எங்கள் தலையில் மட்டும் இதைக் கட்டினால் நடக்காது. இதை அதிகாரிகள் முன்னாலும் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு கேள்வி, கொஞ்சம் சூடான கேள்வி. ‘தமிழ்நாட்டுக்கு வந்தால் தமிழ் படிக்கட்டும், நாம் எதற்கு இந்தி பேசவேண்டும்? இந்தித் திணிப்பைப் பின்வாசல் வழியாகவா கொண்டுவருவது?’ இந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். 1968 ஜனவரியில் சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றிய மாநிலத்தின் ஆசிரியை நான். ஆனால் நாம் போராடியது எதற்காக? குழந்தை தன் தாய்மொழி வழியாகத்தான் உலகத்தைப் புரிந்துகொள்ளும் என்றுதானே? அந்த நியாயம் நம் குழந்தைக்கு மட்டும் பொருந்துமா? மைதிலியும் போஜ்புரியும் பேசுகிற பிள்ளைகள் அவர்கள் ஊரிலேயே இந்திக்குக் கீழே தங்கள் மொழியைப் புதைத்துவிட்டு வந்தவர்கள். தாய்மொழியின் அருமை தெரிந்த ஊருக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியவேண்டாமா?

பிழைக்கப் போன இடத்தில் தமிழர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அதில் ஒன்று தமிழ். தாராவியில் குடியேறிய திருநெல்வேலிக் குடும்பங்களின் பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியிலேயே படித்தார்கள். அமெரிக்காவில் 1974இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் புரியாத சீனப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,800 பேருக்கு எந்தத் துணையும் கொடுக்காமல் விட்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்று கொடுத்துவிட்டால் அது சமமாக நடத்தியதாக ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நம் பள்ளியில் புத்தகம், பை, சீருடை, சாப்பாடு எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறோம். அதில் நமக்கு நியாயமான பெருமை உண்டு. புத்தகத்தைக் கொடுத்தவர்கள் அதைத் திறக்கவும் கூட இருக்கவேண்டும்.

பெற்றோர் வருவதில்லை என்ற குறையைப் பற்றி இரண்டு வார்த்தை. கூட்டத்தை வெள்ளிக்கிழமை மதியம் வைத்தால் ஷிப்ட்டில் இருப்பவர் எப்படி வருவார்? ஞாயிறு காலை வையுங்கள், பள்ளியில் வைக்காமல் லைன் வீட்டு வாசலில் வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கு வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இந்தப் பிள்ளைகளின் தாய்மாரில் ஒருவர் அதில் உட்காரட்டும். தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரசில் எந்த மாதம் ஊருக்குப் போவார்கள், எப்போது திரும்புவார்கள் என்று அவருக்குத் தெரியும். பெயரை அடிப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஊருக்குப் போகிற பிள்ளையின் கையில் ஒரு நோட்டுக் கொடுத்து அனுப்புங்கள், ‘வரும்போது இதைக் கொண்டு வா’ என்று. திரும்பி வரவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியட்டும்.

போன வருஷம் ஜூன் மாதம், சேர்க்கை நேரம். மேசைக்கு எதிரில் ஒரு பெண் வந்து நின்றாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. “டீச்சர், நல்லா இருக்கீங்களா? என்னைத் தெரியுதுங்களா?” என்றாள். தெரிந்தது. இப்போது செக்கிங்கில் இருக்கிறாளாம். கையில் பிடித்திருந்த பையன், அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த தம்பி. வேறு பள்ளியிலிருந்து மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். விண்ணப்பத்தை நான் நிரப்ப எடுத்தேன். அவளே வாங்கி நிரப்பினாள். போகும்போது வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

“அவனுக்கு அந்த ‘எனில்’, ‘தலா’ எல்லாம் சொல்லிக் குடுத்துருங்க டீச்சர். எனக்கு அதுதான் கடைசி வரைக்கும் புரியல.”

அந்தப் பையன் இப்போது நான்காம் வகுப்பு. நன்றாகத் தமிழ் பேசுகிறான்.